கண்மட்டத்துக்காரர் அடுக்கிய திரை

அந்த சூப்பர் மார்க்கெட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேலாளரிலிருந்து தரை துடைக்கும் அம்மாள் வரை எல்லோருக்கும் அவர் கண்மட்டம்தான். அதற்கு அவரேதான் காரணம். எந்தச் சரக்கைக் காட்டி எங்கே வைக்கலாம் என்று கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழும் சொல் அது. சீக்கிரம் விற்க வேண்டியதைக் கண்மட்டத்தில் வை, விற்காவிட்டால் குடி முழுகாது என்பதைக் கால்மட்டத்தில் வை, பிள்ளைகள் அழுது வாங்க வேண்டியதைப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் வை. அவர் படித்த படிப்பு மொத்தமும் இவ்வளவுதான். ரேக் அடுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கடையே ஒப்புக்கொண்டிருந்தது. அவர் அதற்கு வெகுநாள் முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார்.

இப்படிப்பட்டவர் அந்த வருடம் வீட்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஒரே மகள். பள்ளி இறுதித் தேர்வில் மற்ற பாடங்களில் எல்லாம் நல்லபடியாகத் தேறியவள் கணக்கில் கோட்டை விட்டுவிட்டாள். சாலையோரத்தில் முக்காலிமேல் கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் ஆட்களைச் சின்ன வயதில் பார்த்ததிலிருந்து அவளுக்கு நில அளவை படிக்க வேண்டும் என்று ஆசை. அந்தப் படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் கணக்கில் தேறினால்தான் சேர்த்துக்கொள்வோம், துணைத் தேர்வு முடிவு வரும்வரை இடத்தைப் பிடித்து வைக்கிறோம், தவறினால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். துணைத் தேர்வுக்கு இரண்டு மாதம் கூட இல்லை.

அம்மாக்காரி நகரப் பேருந்து ஓட்டுபவள். அவளுக்குக் கணக்கு ஓரளவு வரும், ஆனால் நேரம் வராது. அப்பாக்காரருக்கு நேரமும் கொஞ்சம்தான், கணக்கோ சுத்தம். சைன், காஸ் என்று மகள் முணுமுணுக்கும்போது யாரோ முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறாள் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பார். பெற்ற பிள்ளை தண்ணீரில் தத்தளிக்கும்போது நீச்சல் தெரியாதவன் கரையில் நிற்பதுபோல்தான் அது. எதையாவது செய்ய வேண்டும் என்று அவருக்குக் கை நமநமவென்று இருந்தது.

பாடம் எல்லாம் டேப்லெட்டில்தான் நடந்தது. துணைத் தேர்வு எழுதுபவர்களுக்கென்று ஒரு வாத்தியாரம்மா வீடியோ வீடியோவாகப் போட்டிருந்தார். ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே பயிற்சிக் கணக்குகள், வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு. அதனால் டேப்லெட்டைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டும் பழைய வைத்தியம் இங்கே செல்லாது. மருந்தும் அதிலேதான், நோயும் அதிலேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் தற்செயலாக அவள் தோள் வழியே எட்டிப் பார்த்தார். அவள் பாடத்தைத் திறக்கத்தான் டேப்லெட்டை எடுத்தாள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாட ஆப் மூன்றாவது பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் புதுச் செய்தி வந்ததைக் காட்டும் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது, அதைத் தொட்டாள். யாரோ ஒரு தோழியின் புதுத் தலைவாரல். அங்கிருந்து ஒரு நாய்க்குட்டி. நாய்க்குட்டியிலிருந்து ஒரு பாட்டு. திரும்பி வந்து இரண்டாம் பக்கம் போனால் அங்கே பழம் வெட்டும் விளையாட்டு ஒன்று பளபளவென்று நின்றது. அவள் கடைசியில் பாடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இவர் நாலு பொத்தானையும் தைத்து முடித்துவிட்டார்.

அவர் கண்ணுக்கு அது டேப்லெட்டே இல்லை. ரேக். யாரோ கைதேர்ந்த ஆள் அடுக்கிய ரேக். வாங்க வந்ததை உள்ளே தள்ளி, வாங்க நினைக்காததைக் கண்மட்டத்தில் வைத்து, நடுவில் பளபளப்பைத் தொங்கவிட்டு. இத்தனை வருடமாக ஊரார் பிள்ளைகளுக்கு அவர் செய்ததை யாரோ அவர் பிள்ளைக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

"அந்த டேப்லெட்டை எங்கிட்ட ஒரு மணி நேரம் குடும்மா" என்றார்.

"எதுக்குப்பா?"

"அடுக்கித் தர்றேன்."

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா, இது பிஸ்கட் ரேக் இல்ல."

"எனக்குக் கணக்குச் சொல்லித் தரத் தெரியாது. அடுக்கத் தெரியும். தெரிஞ்சதைத்தானே செய்ய முடியும்?"

இதை அவர் கொஞ்சம் தழுதழுத்துச் சொல்லிவிட்டார். மகளால் மறுக்க முடியவில்லை. பூட்டு எண்ணைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, டேப்லெட்டை நடுவில் வைத்து உட்கார்ந்தார். ஏழு பக்கம். முதலில் எல்லாவற்றையும் நோட்டம் விட்டார், புதுக் கிளைக்குப் போனால் செய்வதுபோல. தொடாமலே தூசி படிந்தவை பாதிக்கு மேல் இருந்தன. வானிலை பார்க்க மட்டும் மூன்று ஆப். ஒரு வீட்டுக்கு எத்தனை வானம் வேண்டும்? குளித்து வந்த மகளைக் கேட்டுக் கேட்டு அழித்தார். அழிக்க வேண்டாம் என்று அவள் முகம் சுளித்தவற்றையெல்லாம் ஒரே ஃபோல்டரில் தள்ளி, அதற்கு குடோன் என்று பெயர் வைத்து, கடைசிப் பக்கத்துக்கு அனுப்பினார். சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். பின்னால் இருந்த கடற்கரைப் படத்தை எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறம் போட்டார், கண் எங்கேயும் போய் உட்காரக் கூடாது என்பதற்காக.

முதல் பக்கத்தில் மிஞ்சியது நாலே நாலு. பாடம், கால்குலேட்டர், கடிகாரம், வீட்டு ஆட்களோடு பேசுகிற மெசேஜ் ஆப். அந்த நாலாவதைப் பற்றி அவருக்கு யோசனையே வரவில்லை. அது சரக்கா என்ன, குடும்பமல்லவா. பிள்ளைக்கு அவசரம் என்றால் அப்பாவைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் அதைத் திரையின் நட்டநடுவில், சரியாகக் கண்மட்டத்தில் வைத்தார். அதன் சிவப்புப் புள்ளியை மட்டும் அணைக்கவில்லை.

அடுக்கி முடித்ததை மகள் வாங்கிப் பார்த்தாள்.

"காலி வீடு மாதிரி இருக்கு" என்றாள்.

"குடியேறிப் பாரு" என்றார் அப்பா.

முதல் வாரம் சொல்லிவைத்தாற்போல் வேலை செய்தது. அவள் டேப்லெட்டை எடுத்தால் கை நேராகப் பாடத்துக்குப் போயிற்று. போவதற்கு வேறு இடமும் இல்லை. பயிற்சிக் கணக்குகள் மளமளவென்று நகர்ந்தன. அந்த வார மாதிரித் தேர்வில் முதல்முறையாகத் தேறும் மதிப்பெண்ணைத் தொட்டுவிட்டாள். அப்பாக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பில்லிங் கவுண்டரில் உட்காரும் பெண்ணிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவள், "அண்ணே, இப்ப எனக்கே கணக்கு வந்துடுச்சு" என்றாள்.

மாலை ஷிப்டில் இருக்கும்போதெல்லாம் மகளுக்குச் செய்தியும் அனுப்பினார். உதவி செய்ய வாய்ப்புக் கிடைத்தவன் சும்மா இருப்பானா? படிக்கறியாம்மா என்று ஒன்று. எத்தனாவது வீடியோ என்று ஒன்று. எல்லாம் வசதியா இருக்கா, கைக்கு எட்டுதா என்று இன்னொன்று. சோப்புப் பெட்டிகளை அவர் கோபுரமாக அடுக்கியதைப் படமெடுத்து, பார் எப்படி நிக்குது, நீயும் நிமிர்ந்து உக்காரு என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் மகள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வாயெல்லாம் பல்.

இந்த இடத்தில் அவர் நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. ஆனால் கடைக்காரப் புத்தி ஞாயிற்றுக்கிழமை ஆனால் சும்மா இருக்காது.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சரக்கையும் ஒரே இடத்தில் நீண்ட நாள் விட மாட்டார்கள். ஒரே இடத்தில் இருந்தால் கண்ணுக்குப் பழகிவிடும், பழகிவிட்டால் செத்த ரேக் என்பார்கள். அதனால் தேயிலையைச் சர்க்கரை இருந்த இடத்துக்கும், சர்க்கரையை மாவு இருந்த இடத்துக்கும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதைச் செய்வது கண்மட்டத்தின் வேலை. ஆக, இரண்டாவது ஞாயிறு அதிகாலையில், மகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அவர் டேப்லெட்டை எடுத்துப் பாட ஆப்பைக் கடைசிப் பக்கத்தின் கீழ் மூலைக்கும், கால்குலேட்டரை இரண்டாம் பக்கத்துக்கும், கடிகாரத்தைப் பாடம் இருந்த இடத்துக்கும் மாற்றிவைத்தார். பிள்ளைக்குப் படிப்பு புதுசாகத் தெரியட்டும் என்றுதான். மனதில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. மெசேஜ் ஆப்பை மட்டும் நகர்த்தவில்லை.

அன்று மகள் டேப்லெட்டை எடுத்தபோது விரல் பழக்கத்தில் பழைய இடத்துக்குப் போனது. அங்கே கடிகாரம் திறந்தது. மூடினாள். பாடத்தைத் தேடி இரண்டாம் பக்கம் போனாள், அங்கே கால்குலேட்டர் தனியாக முழித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கம் போனாள், அங்கே குடோன். குடோன் வரை வந்தவள் உள்ளே எட்டிப் பார்க்காமல் போவாளா? பழம் வெட்டும் விளையாட்டு அங்கே பத்திரமாக இருந்தது. அன்று நிறைய பழம் வெட்டினாள்.

"அப்டேட் ஆகியிருக்கும்போல, எல்லாம் இடம் மாறிக் கிடக்கு" என்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னாள். அப்பாக்காரர் சாதத்தைப் பிசைந்துகொண்டு புன்னகைத்தார். ரகசியமாக நல்லது செய்கிறவனின் புன்னகை அது.

அடுத்த ஞாயிறும் மாற்றினார். அதற்கடுத்த ஞாயிறும். மகளின் விரல் ஓர் இடத்துக்குப் பழகும்போதெல்லாம் அந்த இடத்தில் வேறொன்று இருந்தது. மூன்றாவது மாதிரித் தேர்வில் நேரம் போதவில்லை என்று பாதியைத் தொடாமல் விட்டாள். நாலாவதில் மதிப்பெண் தடாலென்று விழுந்தது. அன்று இரவு அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இந்த மாதிரிப் போனா தேறமாட்டேன்மா" என்று தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒரு மணி நேரம் உக்காந்தா இருபது நிமிஷம்தான் படிக்கிறேன். மிச்சம் எங்க போகுதுன்னே தெரியல."

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வித்தையும் பலிக்கவில்லை. பலிக்காதபோது கடையில் என்ன செய்வார்கள்? இன்னும் மாற்றுவார்கள். அந்த ஞாயிறு வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் தலைகீழாக்க உட்கார்ந்தார். கால்குலேட்டரை விரலால் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் மகளின் குரல் கேட்டது.

"அப்டேட் நீங்கதானாப்பா?"

அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. பிடித்திருந்த கால்குலேட்டரை விட்டுவிட்டார்.

"புதுசா இருந்தா கண்ணு நிக்கும்னு..." என்று ஆரம்பித்தார்.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கடையில எதுக்கு மாத்துவீங்க?"

"தேடட்டும்னுதான். தேடும்போது நாலு சாமானைப் பாப்பாங்க. ரெண்டு கூடையில விழும்."

"உள்ள வந்தவங்க சீக்கிரம் வெளிய போனா?"

"நஷ்டம்தான்."

"எனக்கு அப்படி இல்லப்பா. நான் உள்ள போனா கணக்கை எடுத்துக்கிட்டு வெளிய வரணும். கண்ண மூடிட்டுப் போனாலும் அது அங்கயே இருக்கணும். நீங்க என்னைக் கடையிலயே சுத்த விடறீங்க."

சொன்னதில் கோபம் இல்லை. நிலத்தை அளந்து எல்லை இங்கே என்று முளையடிப்பதுபோல் சொன்னாள். இத்தனை வருடத் தொழிலில் ஒரு பொருளைச் சட்டென்று எடுத்துக்கொண்டு போக எப்படி அடுக்குவது என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. பிள்ளையின் ஒரு மாதத்தை வைத்துத் தன் கையாலேயே தேயிலை, சர்க்கரை ஆட்டம் ஆடிவிட்டோமே என்று நினைத்தபோது கண்ணாடி மங்கியது. அதைக் கழற்றித் துடைத்தார்.

"நீயே அடுக்கிக்கம்மா" என்று டேப்லெட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "நான் இனிமே தொடமாட்டேன்."

அவள் அடுக்கியதை அன்று அவர் பார்க்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்தப் பக்கமே திரும்பவில்லை. மறுநாள் விடுப்பு. மகள் மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். மேசையில் டேப்லெட் திறந்தே கிடந்தது. தொடத்தானே கூடாது, பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பார்த்தார்.

சாம்பல் நிறத் திரை. மேலே பாடம், அதன் பக்கத்தில் கால்குலேட்டர். அவ்வளவுதான். கடிகாரத்தைக் கூட எடுத்துவிட்டாள். மெசேஜ் ஆப் இல்லை.

அவர் இரண்டு தடவை பார்த்தார். திரையின் நட்டநடுவில், தன் கையால் வைத்த இடத்தில், இப்போது வெறும் சாம்பல்தான் இருந்தது. அப்போது அவருக்கு வந்ததைத் துக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு பெயர் வைத்துப் பூசி மெழுகுவதில் பயனில்லை. பத்து வருடம் வேலை பார்த்த கடையில் தன் படத்தை மட்டும் சுவரிலிருந்து கழற்றினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. போன வாரம் கட்டைவிரல் வந்ததே, அதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று நினைத்தார்.

மாலையில் மனைவி வேலை முடிந்து வந்து, காலணியைக் கழற்றிவிட்டுக் கால்களை முக்காலிமேல் நீட்டிக்கொண்டாள். கிளட்ச் மிதித்து மிதித்து அவளுடைய இடது கணுக்கால் சாயங்காலம் ஆனால் வீங்கிவிடும். அவர் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அவ என்னைத் தூக்கிட்டா" என்றார்.

"எங்கருந்து?"

"டேப்லெட்டுலருந்து. பழம் வெட்டறதையெல்லாம் எங்கயோ வச்சிருக்கா. என்னையும் அதோட சேர்த்துட்டா."

மனைவி சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "அவளுக்கு என்ன அனுப்புவீங்க?" என்று கேட்டாள்.

"என்ன அனுப்புவேன்? படிக்கறியான்னு கேப்பேன்."

"குடுங்க பாப்போம்."

அவருடைய ஃபோனை வாங்கி விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். தள்ளிமுடியவில்லை. பிறகு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அவர் பார்த்தார். இடப்பக்கம் முழுக்கக் கட்டைவிரல். வலப்பக்கம் முழுக்க அவர். படிக்கறியா. சாப்பிட்டியா. எத்தனாவது பாடம். தூக்கம் வந்தா முகம் கழுவு. சோப்புக் கோபுரம். படிக்கறியா. ஒரு மாலைக்குள் எத்தனை தடவை என்று எண்ண அவருக்கே கூச்சமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் கணக்கை நடுவில் விட்டுவிட்டு வந்து விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள்.

"என் சீட்டுக்குப் பின்னால ஒரு போர்டு இருக்கும், பாத்திருக்கீங்கள்ல?" என்றாள் மனைவி. "ஓட்டுநரிடம் பேசாதீர்னு. கெட்டவங்களுக்கு மட்டும்னு அதுல எழுதல. யாருமே பேசக்கூடாது. நல்ல மனசோட வந்து நல்லா ஓட்டறீங்களானு கேட்டாலும் நான் திரும்பிப் பாக்கணும் இல்ல?"

அவர் தைலத்தைத் தேய்த்தார். கடையில் அவருக்கு ஒரே ஒரு ரகத்து ஆட்களைத்தான் பிடிக்காது. வழி நடுவில் தட்டோடு நின்று, சாம்பிள் எடுத்துக்கோங்க, சாம்பிள் எடுத்துக்கோங்க என்று மறிப்பார்களே, அவர்கள். நல்ல வாடிக்கையாளர் ஒருவர் கையில் சாமான் சீட்டோடு விறுவிறுவென்று வரும்போது இவர்கள் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார்கள் என்று எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறார். மகளின் திரையில் அந்தத் தட்டுக்காரர் யார் என்று இப்போது தெரிந்தது. பழம் வெட்டும் விளையாட்டையெல்லாம் குடோனுக்கு அனுப்பிவிட்டுத் தன்னை மட்டும் கண்மட்டத்தில், சிவப்புப் புள்ளியோடு நிறுத்தியவர் அவரேதான்.

மறுநாள் காலை மகள் தேநீரோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். மனத்தாங்கலை மறைக்க அவருக்கு எப்போதுமே தெரியாது.

"என்னைக் குடோன்ல வச்சிருக்கியா?"

மகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "இல்லப்பா. கடைசிப் பக்கத்துல, தனியா வச்சிருக்கேன்."

"அது குடோனுக்கும் அந்தாண்ட."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "உங்க கடையில பால எங்க வைப்பீங்க?"

"உள்ள. கடைசிச் சுவரோரம், பெரிய ஃப்ரிட்ஜ்ல."

"கண்மட்டத்துல வைக்கலாமே, வாசல்கிட்ட?"

"பாலுக்கு எதுக்கு வாசல்?" என்றார் அவர், தொழில்காரரின் எரிச்சலோடு. "எங்க கொண்டுபோய் வச்சாலும் அதைத் தேடிக்கிட்டு வருவாங்க. வராம போக முடியாதே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. மகள் அவரைப் பார்க்காமல் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தேடி வரேன்பா, பரிட்சை முடிஞ்சதும்" என்றாள். "அதுவரைக்கும் நீங்க வராதீங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

தலையாட்டுவது எளிது. பில்லிங் கவுண்டர் பெண்ணிடம் ஃபோனைக் கொடுத்து, ஷிப்ட் முடியும்வரை நானே கெஞ்சிக் கேட்டாலும் தராதே என்றார். இரண்டாவது நாளே கெஞ்சினார். அவள் தரவில்லை. "என்னண்ணே, வீட்டோட சண்டையா?" என்றாள். "இல்லம்மா, சமாதானம்" என்றார் பரிதாபமாக. உணவு இடைவேளையில் சில நாள் அவள் மனமிரங்கி ஃபோனைக் கொடுப்பாள். படிக்க என்று நாலு எழுத்து அடிப்பார், அழிப்பார். ஒருமுறை தானியப் பொட்டலங்களை அருமையாக அடுக்கிப் படமே எடுத்துவிட்டார். அனுப்பாமல் கவுண்டர் பெண்ணிடம் காட்டினார். நல்லா இருக்குண்ணே என்றாள், அவளாவது பார்த்தாளே என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

வீட்டிலும் வாயைக் கட்டிப்போட்டார். மகள் அறையிலிருந்து வெளியே வந்தால் முகத்தைப் படிக்கப் பார்ப்பார், கேட்கமாட்டார். மாதிரித் தேர்வில் எவ்வளவு வந்தது என்று மனைவியிடம் கூட விசாரிக்கவில்லை. விசாரித்தால் அது எப்படியும் கதவிடுக்கு வழியாக உள்ளே போய்விடும் என்று பயம். பேசியே பழகிய மனிதருக்கு இது பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. இடம் போய்விட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம், தான் அதற்கு ஒரு துரும்பும் அசைக்காமல் இருக்கிறோமே என்ற வேதனை ஒரு பக்கம். சும்மா இருப்பதும் ஒரு வேலைதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தேர்வு நாள் வந்தது. மனைவி தன் பேருந்திலேயே மகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். எழுதிவிட்டு வந்தவள், எழுதியிருக்கேன் என்று மட்டும் சொன்னாள். முடிவு வரும்வரை அவள் டேப்லெட்டைத் தொடவே இல்லை, அது அலமாரியில் கிடந்தது. அவரும் வாயைத் திறக்கவில்லை. பரிட்சை முடிந்துவிட்டதே, இப்போது அனுப்பலாமே என்று மனைவி சொன்னாள். அவ தேடி வரேன்னு சொல்லியிருக்கா என்று சொல்லிவிட்டார்.

முடிவு ஒரு பகல்பொழுதில் வந்தது. அவர் அப்போது கடையின் உட்பக்கத்தில் கால்மட்ட ரேக்கில் குனிந்து உப்புப் பொட்டலங்களை நிமிர்த்திக்கொண்டிருந்தார். கவுண்டர் பெண் வரிசையில் நின்ற வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு, அவருடைய ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். திரையில் மகளின் முகப்படம் மின்னிக்கொண்டிருந்தது. அவர் உப்புக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"அப்பா."

"சொல்லும்மா."

"தேறிட்டேன்."

அவர் பக்கத்தில் பிரிக்காமல் கிடந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். கவுண்டர் பெண் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, கண்ணைத் துடைத்தபடி திரும்பிப் போனாள். அவளுடைய வாடிக்கையாளர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல மார்க்கான்னு கேட்டீங்கன்னா இல்லப்பா, ஏதோ தேறிட்டேன். காலேஜுக்கு அது போதும். அம்மாகிட்ட அப்புறம்தான் சொல்லணும், அவங்க இப்ப ஓட்டிட்டு இருப்பாங்க."

"போதும்மா. போதும்."

கடையின் குளிர்பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன.

"அப்பா, உங்களுக்கு ஃபோன் பண்ணத்தான் இப்ப அந்த ஆப்பையே திறந்தேன். இத்தனை நாள் திறக்கவே இல்ல. ஒரு நூறு மெசேஜாவது வந்து கிடக்கும்னு நினைச்சேன்."

"ம்."

"ஒண்ணு கூட இல்ல."

"நீ படிச்சிட்டு இருந்தியேம்மா."

"பரிட்சைக்கு அப்புறமும் இல்ல."

"நீ தேடி வரேன்னு சொன்ன."

அவர் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கஷ்டமா இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"ரொம்ப" என்றார் அவர்.

"சரி, இப்ப கேளுங்க."

"எதை?"

"கேக்காம வச்சிருக்கீங்கள்ல, எல்லாத்தையும். நான் எங்கயும் போகல. வரிசையா கேளுங்க."

அவர் மனதில் அடுக்கி வைத்திருந்தவை எத்தனையோ இருந்தன, எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லப்பா" என்றாள் மகள்.